எல்லாக் கட்டத்திலும் டிக்

எனக்கு இருபத்துமூன்று வயது இருக்கும்போது, ஒரு ஊரின் குழந்தைகள் அத்தனை பேரையும் மந்தம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோபத்தில் செய்ததல்ல. படித்த படிப்பின்படி, நீல மையில், குழந்தைக்கு ஒரு படிவம் வீதம், அடித்தல் திருத்தல் இல்லாமல் செய்தேன். என் கையெழுத்து அப்போது மிக அழகாக இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோயம்புத்தூரில் குழந்தை வளர்ச்சி என்று ஒரு படிப்பை முடித்திருந்தேன். அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதையே என் வீட்டில் யாரும் முழுசாக நம்பவில்லை. புள்ள தானா வளருது, அதப் போய் ரெண்டு வருஷம் படிக்கணுமா என்று அப்பா கேட்டார். எங்கள் பாடப் புத்தகத்தில் தவழ்கிற குழந்தைகள் எல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகள். தவழ்ந்த தரையில் கம்பளம் விரித்திருந்தது. அந்தக் கம்பளத்தோடு நான் பெரம்பலூரில் வந்து இறங்கினேன்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சியை அளந்து, குறை இருந்தால் குடும்பத்துக்கு வழி சொல்வது எங்கள் திட்டத்தின் வேலை. உரக்கடை மாடியில் இரண்டு அறைகள் ஆபீஸ். எனக்குக் கொடுத்த ஊர் குன்னத்துக்கும் அரியலூருக்கும் நடுவில் இருந்தது. வெங்காயமும் பருத்தியும் போடுகிற ஊர். ஊரின் கிழக்கே சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழி. மத்தியானம் அங்கே சங்கு ஊதுவார்கள், கொஞ்ச நேரத்தில் வெடி வைப்பார்கள், தட்டு முட்டுச் சாமானெல்லாம் ஒரு தரம் ஆடி நிற்கும். ஊர்க்காரர்களுக்கு அதுதான் கடிகாரம்.

என் பையில் பத்து மரக்கட்டைகள், நூலில் கட்டிய சிவப்பு வளையம், ஒரு கிலுகிலுப்பை, படம் போட்ட அட்டைகள். அட்டையில் ஒன்றில் சோபா, ஒன்றில் ஐஸ்கிரீம். இதையெல்லாம் பார்த்து அந்த ஊர்க் குழந்தைகள் பெயர் சொல்ல வேண்டும். எனக்கே ஐஸ்கிரீமை நேரில் பார்த்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

முதல் வாரம் எந்த வீடும் திறக்கவில்லை. கையில் பையும் குடையுமாக ஒரு பெண் தெருவில் வந்தால், கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்றுதான் அப்போது அர்த்தம். கடைசியில் பால்வாடி ஆயா என்னைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். நாலு பிள்ளை பெற்று நாலையும் வளர்த்தவர். “இது ஆபரேஷன் அம்மா இல்ல, சும்மா கேள்வி கேக்குற அம்மா” என்று அறிமுகம் செய்தார். என் படிப்பை அதற்குமேல் சுருக்க முடியாது.

கேள்வி கேட்க வந்தவளிடம் அவர்களும் கேட்டார்கள். உங்களுக்கு எத்தனை பிள்ளை என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். கல்யாணமே ஆகவில்லை என்றதும் ஒருத்தி தண்ணீர்ச் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, அனுதாபத்தோடு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை பிறந்த தேதியைக் கேட்டால், தேருக்கு மறுநாள், பருத்தி எடுக்கும்போது, ஏரி நிரம்பின வருஷம் என்று பதில் வரும். அதை மாதமாக மாற்றவே எனக்கு அரை நாள் போகும்.

அதற்குப் பிறகு படிவம். எழுந்து நிற்கிறதா, பிடிக்காமல் நடக்கிறதா, அம்மா அப்பா தவிர வேறு சொல் சொல்கிறதா, சொன்னதைக் கேட்டுச் செய்கிறதா. செய்தால் கட்டத்தில் டிக், இல்லையென்றால் பெருக்கல் குறி. பாதிக் குழந்தைகள் என்னைக் கண்டதும் அம்மாவின் புடவைக்குள் போய்விடும். அதனால் பெரும்பாலும் அம்மாக்கள் சொன்னதைத்தான் எழுதினேன். அவர்கள் சொன்னதோ ஒரே பாட்டு. எங்கங்க நடக்குது, எந்திரிச்சா விழுவுது. பேச்சா, அது எங்க பேசுது, ஆங் ஊங்னு கத்தும் அவ்ளோதான். ஒன்னும் தெரியாதுங்க இதுக்கு, மண்ணு.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. எங்கள் பேராசிரியை வகுப்பில் ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தார். தாய்மார்கள் தங்கள் பிள்ளையைப் பற்றி எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அதனால் சொன்னதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள் என்று. நான் நல்ல மாணவி. நடக்கவில்லை என்று அவர்கள் சொன்னதிலும் கொஞ்சம் கழித்து, நிற்பதே சந்தேகம் என்று எழுதினேன். இப்படியாக அந்த ஊர் முழுக்க மந்தமானது.

அந்தப் படிவங்களைக் கட்டி ஆபீசுக்கு எடுத்துப் போன சாயங்காலம், பஸ் கிளம்பி அம்பது அடி போயிருக்கும். பின்னால் ஒரு பொடியன் அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு, பஸ்ஸை விரட்டிக்கொண்டு ஓடி வந்தான். வாயில் டிரைவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை, சுத்தமான உச்சரிப்பில். எழுந்தால் விழுகிறான், பேச்சே இல்லை என்று காலையில்தான் அவனுக்கு எழுதியிருந்தேன்.

மறுநாள் ஆயாவிடம் சண்டைக்குப் போனேன். இந்த ஊரில் ஏன் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

“வூடு தேடி வந்த அசலார்கிட்ட எம்புள்ள ஓடுது, ஆடுது, பாடுதுன்னு சொல்லுவாங்களா டீச்சர்? அதுவும் நீங்க ஒன்னொன்னா நோட்டுல எழுதுறீங்க. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளை நன்றாக இருக்க இருக்க அதைக் குறைத்துச் சொல்வதுதான் அங்கே தாயின் கடமை. கன்னத்தில் வைக்கிற மைப்பொட்டு மாதிரி, வாயால் வைக்கிற பொட்டு அது. நான் அந்தப் பொட்டையெல்லாம் கவனமாக எண்ணிக்கொண்டு வந்து நோய் என்று பெயர் வைத்திருந்தேன்.

தப்பைத் திருத்தியாக வேண்டும். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன், அதைப் பற்றி இன்றும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒருத்தியிடம் அவள் பிள்ளையைப் பற்றிக் கேட்காமல், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். உண்மை மடை திறந்து வந்தது. அதுவா, எங்க கோழிய விரட்டிக்கிட்டு ஏரிக்கரை வரைக்கும் ஓடுதே. பேச்சா, எங்க வீட்டுக்காரரையே பேரு சொல்லிக் கூப்புடுது. இப்படி ஊர் முழுக்க மறுபடி நடந்து, பெருக்கல் குறிகளை அடித்து டிக் போட்டேன். ஒரே வாரத்தில் அத்தனை குழந்தைகளையும் குணப்படுத்தினேன்.

ஒரே ஒரு படிவத்தை மட்டும் திருத்த வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, வீட்டுக்கு முதல் பிள்ளை. அதன் அப்பா சுண்ணாம்புக் குழியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவர். அம்மாவுக்கு இருபது வயதுகூட இருக்காது. முதல் சுற்றில் பூட்டியிருந்த வீடு அது, திருத்தப் போன வாரம்தான் திறந்திருந்தது. நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அவள் ஆமாம் என்றாள். நடப்பாளா, ஆமாங்க. பேசுவாளா, ஆமாங்க. சொன்னதக் கேட்பாளா, ஆமாங்க. ஒவ்வொரு பதிலுக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வேற்று முகம் பார்த்து அழவில்லை. என் மரக்கட்டைகளை எடுத்துக் கோபுரம் கட்டியது. மத்தியான வெடிக்குப் பயந்து அழுமா என்று கேட்டதற்கு, “வெடி போட்டாக்கூட தூளியில அசையாமத் தூங்குவாளுங்க” என்றாள். மனத்திடம் நன்று என்று ஓரத்தில் எழுதினேன். கிலுகிலுப்பையைக் காதருகே ஆட்டிப் பார்க்கிற சோதனை ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் என்று படிவத்தில் அச்சடித்திருந்தது. நான் விதியை மீறுகிறவள் இல்லை. கிலுகிலுப்பை பையிலேயே இருந்தது. எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு, உங்கள் பிள்ளை ரொம்ப நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி, நகலில் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன்.

ஊரே கண்ணுக்குப் பயந்து மறைக்கும்போது ஒருத்தியாவது பயப்படாமல் உள்ளதைச் சொல்கிறாளே என்று எனக்கு அவள்மேல் தனிப் பிரியம். கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள் என்ற பேராசிரியையின் எச்சரிக்கையை நான் அந்த வாரம்தான் தூக்கிப் போட்டிருந்தேன். அந்த ஒரே வீட்டுக்குத்தான் அது தேவைப்பட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரியிடமும் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அது தங்கமான புள்ளைங்க, இருக்கற எடமே தெரியாது என்றாள். அமைதியான சுபாவம் என்று அதையும் எழுதிக்கொண்டேன்.

மாதம் ஒருமுறை பால்வாடியில் தாய்மார் கூட்டம் போடுவேன். குழந்தையோடு நிறையப் பேச வேண்டும், பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று சொல்வேன். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். அவள் மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளையின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, கையை ஆட்டி ஆட்டி எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, இப்படித்தான் பேச வேண்டும் என்று எல்லாருக்கும் காட்டினேன். மெட்ராசிலிருந்து வந்த மேலதிகாரியையும் அவள் வீட்டுக்குத்தான் அழைத்துப் போனேன். அந்த அம்மாள் குழந்தையின் முன்னால் குனிந்து கையைத் தட்டு என்று தன் கையைத் தட்டிக் காட்டினார். குழந்தையும் தட்டியது. அதிகாரி திருப்தியாக மோர் குடித்துவிட்டுப் போனார்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது.

வெங்காயம் அறுவடை முடிந்திருந்த ஒரு நாள். பால்வாடிக்கு எதிரே களத்தில் வெங்காயத்தைக் கொட்டி, பெண்கள் தாள் அரிந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் குவியலைச் சுற்றி விளையாடின. அந்தக் குழந்தைக்கு அப்போது இரண்டரை வயது. மற்றவர்களுக்கு முதுகு காட்டி, தனியாக உட்கார்ந்து, சருகை உரித்துக்கொண்டிருந்தது. சங்கு ஊதியது. களத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம், நடக்கத் தெரியாததுகூட, பழக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டன. அது பொத்தவில்லை. சருகை உரித்துக்கொண்டே இருந்தது. வெடி வெடித்தது. குழந்தை குழிப் பக்கம் திரும்பவில்லை. உள்ளங்கையைத் தரையில் வைத்து, மண்ணைக் குனிந்து பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி மற்ற பிள்ளைகளைப் பார்த்தது. எல்லாம் முடிந்து ஊர் அமைதியான பிறகு, தன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது.

களத்தைச் சுற்றிப் போய் அதன் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினேன். கையைத் தட்டினேன். பெயர் சொல்லிக் கத்தினேன். அரிந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அந்தக் குழந்தையைத் தவிர.

ஆயாவிடம் போய், இது உங்களுக்குத் தெரியுமா என்றேன். ஊருக்கே தெரியுமே என்றார். ஏன் சொல்லவில்லை என்று நான் கத்திவிட்டேன். அவர் அதற்குக் கோபப்படவில்லை.

“நீங்கதான் நல்லா இருக்குன்னு எழுதிட்டீங்களே டீச்சர். படிச்சவங்களுக்கு வேற ஏதோ கணக்கு இருக்கும்னு நெனச்சோம்.”

ஊர் முழுவதும் அறிந்த ஒரு விஷயம், அதைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவளுக்கு மட்டும் தெரியவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் கெடுத்தது ஏட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காது கேட்காத குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம், ஐந்து வயதுக்குள் பிடித்தால்தான் பேச்சு வரும் என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். அதில் ஒரு வருஷத்தை நானே தின்றிருந்தேன்.

உடனே திருச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் அந்த வீட்டில் போய் எப்படிச் சொல்வது? என் கையெழுத்துப் போட்ட நகலை மாமியார் உட்பட எல்லாரிடமும் காட்டியிருக்கிறார்கள். ஊமைப் பிள்ளையைப் பெற்றவள் என்று அந்தப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது? அதனால் நானும் ஒரு பொய்யைத் தயாரித்தேன். திருச்சியில் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி நடக்கிறது, இந்த ஊரிலிருந்து உங்கள் பிள்ளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று சொன்னேன். அவள் புருஷன் கதவு நிலையில் சாய்ந்து, தலைமுடியில் சுண்ணாம்புத் தூளோடு கேட்டுக்கொண்டிருந்தார். போயிட்டு வரட்டுங்க என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

புறப்பட்ட அன்று அவரே விடிகாலையில் பஸ் ஏற்றிவிட வந்தார். மனைவி உள்ளே போய் உட்கார்ந்ததும், என்னைப் படிக்கட்டருகே நிறுத்தினார்.

“போட்டி முடிஞ்சதும் அப்படியே டாக்டர்கிட்ட காதையும் ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், அவளுக்குத் தெரியாது.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு பெரம்பலூர் வரை வந்தேன்.

திருச்சி ஆஸ்பத்திரியில் போட்டி எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் மணியடித்தும், கரண்டியால் கிண்ணத்தைத் தட்டியும், ஒரு மெஷினைக் காதில் மாட்டியும் பார்த்தார். இரண்டு காதும் மிகக் குறைவு, ஆனால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மெஷின் வைத்துப் பழக்கினால் ஓரளவு பேச்சு வரும் என்றார். அதற்கென்று இருக்கிற பள்ளிக்கூடத்தின் முகவரியையும் எழுதிக் கொடுத்தார். பிறகு அவளைப் பார்த்து, ஒரு வருஷம் முன்னாடியே கொண்டுவந்திருக்கக் கூடாதாம்மா, என்ன தாய் நீ என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற என்னை அவள் காட்டிக் கொடுக்கவில்லை. அது என் தப்பு டாக்டர் என்று நானும் சொல்லவில்லை. அந்த அறையில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

குழந்தை பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. மெஷின் வைத்து, வெகு காலம் கழித்து, கொஞ்சம் சொற்கள் பேசியது. அப்பனும் ஆத்தாளும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒளித்து வைத்திருந்தது வெளியே வந்ததும், அந்த வீட்டில் நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. மாமியார் இரண்டு நாள் அழுதுவிட்டு, மூன்றாம் நாள் பேத்தியின் மோவாயைப் பிடித்துப் பேசப் பழகிக்கொண்டார். எங்கள் அறிக்கை மட்டும் அப்படியே அச்சானது. படிவத்தைத் திருத்த வேண்டும் என்று நான் கேட்டேன். அட்டவணை டைப் அடித்தாகிவிட்டது, ஒரு குழந்தைக்காக மாற்ற முடியாது என்றார்கள். நல்ல பணிக்கான பாராட்டுக் கடிதம் ஒன்றும் எனக்கு வந்தது.

அதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று திருச்சியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. குழந்தை அவள் மடியில் தூங்கிவிட்டது. நானாகவே ஆரம்பித்தேன். என்னை மன்னித்துக்கொள், நான் சரியாகப் பார்க்கவில்லை என்று என்னவோ உளறினேன். பாடாலூர் தாண்டிய பிறகுதான் அவள் பேசினாள்.

“பத்து மாசத்துலயே எனக்குத் தெரியுங்க. தட்ட பின்னால போட்டுப் பாத்தேன், விளக்குமாத்தால தரையில அடிச்சுப் பாத்தேன், திரும்பல. நீங்க வந்து கேட்டப்ப எல்லாத்துக்கும் ஆமான்னு சொன்னேன். பொய்யின்னு கண்டுபிடிச்சிடுவீங்கன்னுதான் சொன்னேன். என் வாயால சொல்ல முடியல, உங்க வாயால வரட்டும்னு பாத்தேன்.”

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீங்க எல்லாத்துக்கும் டிக் போட்டு, புள்ள ரொம்ப நல்லா இருக்குன்னுட்டீங்க. சரி, நமக்குத்தான் கிறுக்கு புடிச்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அன்னிலேருந்து ஒரு வருஷம் நிம்மதியாத் தூங்கினேங்க. அதுக்கு உங்களத் திட்டறதா, கும்பிடறதான்னு தெரியல.”

பெரம்பலூர் ஸ்டாண்டில் இறங்கியபோது அவர்கள் ஊர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஓடிப்போய் குழந்தையைத் தோளில் போட்டபடி படியில் ஒரு காலை வைத்தவள், நின்று, திரும்பினாள். ஒரு கைதான் காலியாக இருந்தது. அந்த ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் என்னைக் கும்பிட்டுவிட்டு ஏறினாள். திட்டியிருக்கலாம்.